கண்ணைக் கசக்கினால் ஒரு ரூபாய்!

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மண் உண்டியல் இருக்கிறது. திருவேற்காடு கோயில் வாசலில் வாங்கியது. அதன் தொப்பை மேல் என் மகள் வெள்ளை பெயிண்ட்டால் எழுதி வைத்திருக்கும் வாசகம்: 'கண்ணைக் கசக்கினால் 1 ரூ.'

வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். "என்ன ஸார், உங்க வீட்டுல அழக்கூடக் கூடாதா?" என்று கேட்டே விட்டார் எல்.ஐ.சி. நண்பர் ஒருவர். அழலாம் ஸார், தாராளமாக அழலாம். அதற்கு அபராதம் கிடையாது. கசக்கத்தான் கூடாது.

ஏன் என்று சொல்ல, நான் பிளஸ் டூ படித்த 1995-க்குப் போக வேண்டும்.

எங்கள் வீடு திருமுல்லைவாயலில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற ஊர். ரோட்டுப் புழுதிக்கு அப்போதும் பஞ்சமில்லை, இப்போதும் இல்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே கண் அரிக்கும். இரண்டு முஷ்டியையும் கண்ணில் வைத்து மாவு பிசைகிற மாதிரி பிசைந்தால் ஒரு சுகம் வரும் பாருங்கள்... காசு செலவில்லாத சுகம்! அம்மா அதட்டுவாள், அப்பா முறைப்பார். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த வருஷம்தான் கரும்பலகையில் எழுத்து எல்லாம் நிழலோடு தெரிய ஆரம்பித்தது. கண்ணாடி போட்டார்கள். ஆறு மாதத்தில் அது போதவில்லை. மறுபடி டெஸ்ட், மறுபடி கண்ணாடி. கடைக்காரர் அப்பாவிடம், "பையனுக்கு சிலிண்டர் ஏறிக்கிட்டே போகுது ஸார்" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னார்.

"சிலிண்டரா? நாம பதிஞ்சு வெச்சு மூணு வருஷமாச்சே, வந்துடுச்சா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். (கேஸ் கனெக்ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது.)

கண்ணாடிகள் மாறினவே தவிர, பார்வை மாறவில்லை. மூன்றாம் பிறை பார்த்தால் புண்ணியம் என்பார்கள். எனக்கு ஒரே ராத்திரியில் ஐந்தாறு பிறை தெரிந்தது. புண்ணியம் மொத்தமாகச் சேருகிறது என்று நினைத்துக்கொண்டேன்! தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்கும். எதிரில் வருகிறவர் யாரென்று கை குலுக்கும் தூரத்துக்கு வந்தால்தான் தெரியும். "உன் பையனுக்கு என்னடி இவ்வளவு திமிரு? நேருக்கு நேர் பார்த்துட்டுப் பேசாமப் போறான்" என்று உறவுக்காரர்கள் அம்மாவிடம் புகார் வாசித்தார்கள். எதற்கு வம்பென்று எதிரில் தட்டுப்படுகிற எல்லாவற்றுக்கும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். சிவப்புப் புடவை கட்டிய அத்தை என்று நினைத்து ஒரு தபால் பெட்டிக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பாலிடெக்னிக் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் பெரிய பாடு. வருகிற பஸ் எந்த ஊருக்கு என்றே தெரியாது. ஒருநாள் பக்கத்தில் நின்ற பாட்டியிடம், "பாட்டி, இது ஆவடி போற வண்டியா?" என்று கேட்டேன்.

பாட்டி என் கையிலிருந்த புத்தகங்களைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. "போர்டுல போட்டிருக்குதே கண்ணு... படிக்கத் தெரியாதா?" என்றாள் பரிதாபமாக. நான் தலையைச் சொறிந்தேன்.

"வெக்கப்படாத நைனா. எனக்கும்தான் தெரியாம இருந்துச்சு. இப்ப அறிவொளில சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். நீயும் சேந்துடு" என்றவள், பஸ்ஸைப் பார்த்து, "ஆ... வ... டி" என்று எனக்காகச் சத்தமாகப் படித்தாள். அந்தப் பஸ்ஸில் ஏறினேன். டிப்ளமா மெக்கானிக்கல், மூன்றாம் செமஸ்டர்!

அப்புறம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். கையை முஷ்டி மாதிரி சுருட்டி, நடுவில் ஊசி ஓட்டை அளவுக்கு இடுக்கு விட்டு அதன் வழியே பார்த்தால் எழுத்து கொஞ்சம் துலக்கமாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நான் இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "சினிமா டைரக்டர் ஆகப் போறான்போல" என்றார்கள்.

டிப்ளமா முடித்து, 1998-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற இடம். எனக்குக் கொடுத்த சீட் எது தெரியுமா? தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். அதாவது, கண்ணை வைத்துப் பிழைக்க வேண்டிய வேலை!

வெர்னியர் காலிபர் என்று ஒன்று உண்டு. மேலே ஒரு வரிசைக் கோடு, கீழே ஒரு வரிசைக் கோடு. மேல் கோடு எதுவும் கீழ்க் கோடு எதுவும் கச்சிதமாக ஒட்டி நிற்கிறதோ, அதுதான் அளவு. ஒன்றுதான் ஒட்டும். எனக்கு எல்லாக் கோடும் எல்லாக் கோட்டோடும் ஒட்டின! மூன்று மாதம் குத்துமதிப்பில் ஓட்டினேன். நாலாவது மாதம், நான் 'ஓ.கே.' போட்டு அனுப்பிய நானூறு புஷ்கள் வாங்கின இடத்திலிருந்து திரும்பி வந்தன. எதுவுமே ஷாஃப்ட்டில் நுழையவில்லையாம்.

முதலாளி கூப்பிட்டார். ஒரு புஷ்ஷையும் வெர்னியரையும் என் கையில் கொடுத்து, "அளந்து சொல்லு" என்றார். நான் மூக்குக்கு நேரே பிடித்தேன், சாய்த்தேன், கவிழ்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, உனக்குக் கண்ணு தெரியலை. வேலை தெரியலைன்னு நினைச்சுதான் கூப்பிட்டேன். நாளைக்கு லீவு. கண் ஆஸ்பத்திரிக்குப் போ."

நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைக் கீழே பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் வந்து நின்று இமையைப் பார்த்தார். கருவிழி முட்டி, கீழ் இமை 'வி' மாதிரி வளைந்ததாம். அதிலேயே பாதி புரிந்துவிட்டது அவருக்கு. பிறகு ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கருவிழியின் மேடு பள்ளத்தைக் கலர் கலராகக் காட்டும் படம். நடுவுக்குக் கொஞ்சம் கீழே ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. டி.வி.யில் வானிலை அறிக்கை வாசிக்கும்போது வங்கக் கடலில் காட்டுவார்களே, அந்த மாதிரி. அங்கேதான் புயல் மையம் கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கெரட்டோகோனஸ்" என்றார் டாக்டர்.

பெயரைக் கேட்டதும், கிரேக்கத்தில் ஏதோ ஊர் போலிருக்கிறதே என்று நினைத்தேன். கிரேக்க வார்த்தைதான். தமிழில் கூம்புக் கருவிழி என்று சொல்லலாம். கருவிழி என்பது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி. நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் கூடுதல் கனம். எல்லோருக்கும் அது ஒரே சீரான வளைவாக இருக்கும். சிலருக்கு அது வாலிப வயசில் மெலிய ஆரம்பிக்கிறது. சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது, நைந்த இடம் மட்டும் முட்டை மாதிரி புடைக்கும் இல்லையா? அதே கதை. கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் மெலிந்த இடத்தை முன்னால் தள்ளிக் கூம்பாக்கிவிடுகிறது. மேடும் பள்ளமுமான அந்த முகப்பில் விழுகிற வெளிச்சம் திசைக்கொன்றாகச் சிதறுகிறது. கண்ணாடிக் கடையில் கண்ணாடி மேல் கண்ணாடி போட்டாலும் அதைச் சரி பண்ண முடியாது.

"சொந்தத்துல யாருக்காவது இருக்கா? கண்ணைக் கசக்குற பழக்கம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தார் டாக்டர். அப்போது நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

மெலிந்த டியூபைத் தினமும் முஷ்டியால் பிசைந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கசக்கினால் மட்டும்தான் வரும் என்றில்லை, பரம்பரையும் உண்டு. ஆனால், கசக்குகிறவர்களுக்கு வருவதும் வளர்வதும் அதிகம் என்றார்.

அம்மா மட்டும் வேறு வைத்தியத்தில் இறங்கினாள். திருவேற்காடு கருமாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினாள். எங்கள் ஊர் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு வாராவாரம் இழுத்துக்கொண்டு போனாள். சுந்தரர் பார்வை போன நிலையில் வந்து பாடிய ஊர் அல்லவா திருமுல்லைவாயல்! திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினதால் கண் போயிற்று. இங்கே வந்து பாடினார், கிடைக்கவில்லை. அடுத்து திருவெண்பாக்கம், அதாவது நம் பூண்டி ஏரிப் பக்கம், அங்கே ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடது கண், திருவாரூரில் வலது கண். "சுந்தரருக்கே தவணை முறையிலதாண்டா கிடைச்சுது. உனக்கு மட்டும் ஒரே நாள்ல கிடைச்சுடுமா?" என்பாள். அவள் அறியாமல் சொன்ன ஜோசியம் அது.

எனக்குக் கிடைத்த ஊன்றுகோல், கருவிழி மேலேயே உட்காருகிற சின்ன கான்டாக்ட் லென்ஸ். ஒன்பது மில்லிமீட்டர் குறுக்களவு, கெட்டியானது. பார்வை நன்றாகவே தெரிந்தது. வெர்னியர் கோடு ஒன்றோடு ஒன்றுதான் ஒட்டியது. வேலையில் நிலைத்தேன், நல்ல பெயர் எடுத்தேன்.

ஆனால், கூம்பின் உச்சியில் ஒரு தட்டை வைத்தால் எத்தனை நேரம் நிற்கும்? கண்ணைச் சட்டென்று திருப்பினால் நழுவும். ஒரு தூசி உள்ளே போனால் போதும், நடு ரோட்டில் நின்று ஒற்றைக்காலில் ஆடுவேன்.

2005-ல் குமணன்சாவடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் சித்தப்பா மகன் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது யாரோ அட்சதையை என் முகத்துக்கு நேரே வீசினார்கள். கண்ணைச் சிமிட்டினேன். லென்ஸ் போச்சு!

"யாரும் நகராதீங்க!" என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. "மூவாயிரம் ரூபாய் சாமான். மிதிச்சுடாதீங்க!" (விலையை அவராகவே வைத்துக்கொண்டார்.) அவ்வளவுதான். பட்டுப்புடவைகளும் பட்டு வேட்டிகளுமாக நாற்பது பேர் தரையில் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். வீடியோக்காரர் தன் விளக்கைத் தரைக்குத் திருப்பினார். ஐயர், "முகூர்த்தம் தப்பிடும்" என்று மேடையிலிருந்து கத்தினார். கால் மணி நேரம் கழிந்து, நர்ஸ் வேலை பார்க்கிற அத்தை மகள் என் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்கதானே இருக்கு?" என்றாள். லென்ஸ் கீழே விழவே இல்லை. நகர்ந்து வெள்ளை விழிமேல் போய் உட்கார்ந்திருந்தது!

அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற போட்டோவுக்கு முந்தைய படத்தில் மாப்பிள்ளை, பெண் முகங்கள் சின்னதாகத் தெரியும். முன்னால் நாற்பது முதுகுகள். என் தம்பிக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, அப்புறம் வந்த வருஷங்கள் சிரிப்பாக இல்லை. கூம்பு இன்னும் கூர்மையானது. லென்ஸ் அதன் உச்சியில் உரசி உரசிப் புண்ணாகியது. ஒருநாள் எட்டு மணி நேரம் தாங்கியது நாலானது, இரண்டானது. 2012-ல் சுத்தமாகக் கழற்றி வைத்துவிட்டேன். கம்பெனியில் என்னை இன்ஸ்பெக்ஷனிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை, முதலாளி நல்ல மனுஷர். ஆனால், சாக்கு எண்ணுகிற இடத்தில் போய் உட்கார்ந்த அன்றைக்கு, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மகளுக்கு அப்போது ஒரு வயசு. அவள் முகம் எனக்கு ஒரு கலங்கல் சித்திரம்தான். முத்தம் கொடுக்கிற தூரத்தில் மட்டும் மூக்கு, கண் எல்லாம் வரும்.

2016-ல் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கருவிழி மாற்று ஆபரேஷன். ஒருவர் கருவிழியை இன்னொருவருக்கு வைத்து முதன்முதலில் ஜெயித்தது 1905-ல், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர். அதிலிருந்து எவ்வளவோ முன்னேறிவிட்டது. "செய்யலாம். ஆனா, அதுக்கு முன்னாடி ஸ்க்லீரல் லென்ஸ் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு அதுலேயே பார்வை வந்துட்டா, தானமா வர்ற அந்தக் கருவிழி, வேற வழியே இல்லாத ஒருத்தருக்குப் போகும் இல்லையா?" என்றார்.

விலை சொன்னார்கள். ஆயிரங்களில் இல்லை, பத்தாயிரங்களில். நான் எழுந்து, "யோசிச்சு சொல்றேன்" என்றேன். வெளியில் வந்ததும் மனைவி தன் வளையல்களைத் தொட்டுக் காட்டினாள். "இதை வெச்சுடலாம்."

"சேச்சே! கையை மூளியா வெச்சுக்கிட்டு..."

"கையில வளையல் இருக்கிறது உங்களுக்குத் தெரியவா போகுது?" என்றாள்.

அதற்குமேல் நான் பேசவில்லை.

ஸ்க்லீரல் லென்ஸை முதலில் பார்த்தபோது, இது கண்ணுக்கா அல்லது குளிர்காலக் கோட்டுக்குப் பட்டனா என்று சந்தேகம் வந்தது. பழசு ஒன்பது மில்லிமீட்டர் என்றால் இது பதினாறு. கருவிழியே பன்னிரண்டுக்குள்தான்! "இவ்வளவு பெரிசு எப்படிம்மா உள்ள போகும்?" என்று அந்த ஆப்டோமெட்ரி பெண்ணிடம் கேட்டேன். சின்னப் பெண், என் மகளுக்கு அக்கா வயசு.

"அது கருவிழியைத் தொடவே தொடாது ஸார். வெள்ளை விழிமேல உட்கார்ந்துக்கும். அங்க அவ்வளவா வலி தெரியாது. கருவிழிக்கு மேல பந்தல் போட்ட மாதிரி நிக்கும். நடுவுல உப்புத் தண்ணி இருக்கும்."

"தண்ணி எதுக்கு?"

"நீங்க எந்த ஏரியா ஸார்?"

"திருமுல்லைவாயல்."

"சி.டி.எச். ரோடு குண்டும் குழியுமா இருக்கும் இல்லே? மழை பெஞ்சா என்ன ஆகும்? குழியெல்லாம் தண்ணி ரொம்பி, மேல பார்த்தா ஒரே சமமா தெரியும். அதேதான். உங்க கருவிழியோட மேடு பள்ளத்தைத் தண்ணி ரொப்பிடும். அதுக்கு மேல லென்ஸ் வழவழன்னு ஒரு கூரை. வெளிச்சம் இந்தப் புது முகப்பைத்தான் பார்க்கும், பழைய குழியை கண்டுக்காது."

வருஷா வருஷம் எந்தக் குழியில் விழுந்து எழுந்தேனோ, அதே குழியில் நிற்கிற தண்ணீரை வைத்து என் கண்ணை எனக்கு விளக்கிவிட்டாள்! எல்லாக் குழியையும் தண்ணீர் மறைப்பது ரோட்டில் ஆபத்து, கண்ணில் வரம்.

"எவ்வளவு இடைவெளி விடுவீங்க?"

"இருநூறு, இருநூற்றைம்பது மைக்ரான் இருக்கும் ஸார். சில மணி நேரத்துல லென்ஸ் கொஞ்சம் அமுங்கும், அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவோம்."

கால் மில்லிமீட்டர். நானூறு புஷ்ஷைத் தப்பாக அளந்தவன் கண்ணுக்குள், கால் மில்லிமீட்டருக்கும் கீழே கணக்குப் போட்டுப் பந்தல் போடுகிறாள் இந்தப் பெண். என் தொழில் மரியாதை அனைத்தையும் திரட்டி மனசுக்குள் ஒரு சல்யூட் அடித்தேன்.

போடுகிற முறைதான் வேடிக்கை. லென்ஸைக் கிண்ணம் மாதிரி நிமிர்த்தி ஒரு ரப்பர் பிடியில் நிறுத்தி, சலைன் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டும். கிணற்றில் எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைத் தரைக்கு நேராகக் குனிந்து, இமைகளை அகட்டி, அந்தக் கிண்ணத்துக்குள் கண்ணை இறக்க வேண்டும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினாலும் பார்வை மறைக்கும், எடுத்துவிட்டு மறுபடி. முதல் தடவை தண்ணீர் என் மடியில் கொட்டியது. இரண்டாவது தடவை அந்தப் பெண் மடியில். மூன்றாவது தடவை, சிலுக்கென்று ஒரு குளிர்ச்சி... உட்கார்ந்துவிட்டது.

"நிமிர்ந்து பாருங்க ஸார்."

நிமிர்ந்தேன். சுவரில் எழுத்துப் பலகை. கடைசிக்கு முந்தைய வரி வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நிழல் இல்லாமல், கறுப்பாக நின்றது. திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் மனைவி. காதோரத்தில் ஒரு கொத்து வெள்ளை.

"இந்த நரை எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீங்க பார்க்காதப்ப" என்றாள்.

அந்தப் பெண் ஏதோ ஃபைலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். லென்ஸ் போட்ட கண்ணில் கண்ணீர் வந்தால் நகருமோ என்று எனக்குப் பயம். நகரவில்லை.

பணத்தால் முதலில் வலது கண், இரண்டு மாதம் கழித்து இடது. "நான்தான் அப்பவே சொன்னேனே, தவணை முறையிலதான்னு" என்றாள் அம்மா. (சுந்தரருக்கு இடது கண் முதலில். அந்த ஒரு வித்தியாசத்தை மன்னித்துவிட்டாள்.)

பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நாம் புதுசு என்று நினைப்பது உண்மையில் ரொம்பப் பழசு! 1888-ல் ஜூரிச் நகரில் அடோல்ஃப் ஃபிக் என்ற டாக்டர் முதலில் முயலுக்கும், பிறகு தன் கண்ணுக்கும், அப்புறம் நோயாளிகளுக்கும் கண்ணாடிச் சிப்பியை மாட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஊற்றியது சர்க்கரைத் தண்ணீர்! அதே வருஷம் பாரிஸில் யூஜின் கால்ட் என்பவர் என்னைப் போன்ற கூம்புக் கண்காரர்களுக்கே மாட்டினார். ஆகஸ்ட் முல்லர் என்ற ஜெர்மன் மாணவர் 1889-ல் தன் கிட்டப்பார்வைக்குத் தானே செய்து போட்டார். மரத்துப் போக கொக்கைன் சொட்டு விட்டும் அரை மணிக்கு மேல் தாங்கவில்லை. காரணம், கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்து நேரடியாகக் குடிக்கிறது. கண்ணாடியால் மூடினால் மூச்சு முட்டாதா? ஆக்ஸிஜன் ஊடுருவுகிற கெட்டி பிளாஸ்டிக் வந்து, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டான் எசக்கியேல் 1983-ல் அதில் பெரிய லென்ஸ் செய்து எழுதிய பிறகுதான் ஃபிக்கின் யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. சரியான யோசனைதான், சரியான சாமான் கிடைக்க நூறு வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் எஸ்டேட்டில் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இது ஒன்றும் மாய லென்ஸ் இல்லை, நோயைத் தீர்க்காது. கழற்றினால் பழைய கலங்கல்தான். தினமும் காலையில் அரை மணி நேரம் பூஜை மாதிரி. சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் கிட்டவே வரக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா கண்ணில் புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. மத்தியானம் உள்ளே இருக்கிற தண்ணீர் சில நாள் மோர் மாதிரி கலங்கும். கழற்றிப் புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. கழற்றவும் குட்டி ரப்பர் உறிஞ்சி ஒன்று உண்டு. அதை முதல் தடவை பார்த்த அம்மா, "சிங்க் அடைப்பு எடுக்கிறதை எல்லாம் ஏண்டா கண்ணுல வெக்கிற?" என்று பதறிப் போனாள்.

இத்தனை தொல்லைக்கும் பலன்? மறுபடி இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மென்ட். திரும்பிப் போன முதல் நாள், முதலாளியின் மகன் (இப்போது அவர்தான் முதலாளி) ஒரு புஷ்ஷையும் வெர்னியரையும் நீட்டினார். அப்பா சொல்லிவிட்டுப் போயிருப்பார் போலிருக்கிறது! அளந்தேன். ஒரு கோடு ஒரு கோட்டோடு ஒட்டியது. மனைவியின் வளையல்களை இரண்டு வருஷத்தில் மீட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் உண்டியலுக்கு வேலை இல்லை.

2024-ல் ஒரு சாயங்காலம். மகளுக்குப் பதிமூன்று வயசு. ஹோம்வொர்க் நோட்டிலிருந்து நிமிர்ந்து, இரண்டு முஷ்டியையும் கண்ணில் வைத்து மாவு பிசைய ஆரம்பித்தாள். ஸ்க்லீரல் லென்ஸின் தயவில் அதை நான் துல்லியமாகப் பார்த்தேன். அதே முஷ்டி, அதே சுகம். என் வயிற்றில் என்னவோ செய்தது.

மறுநாளே அழைத்துக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்த அதே டாக்டர். தலை முழுக்க வெளுத்துவிட்டது அவருக்கு. அதே மாதிரி தாடையை வைக்கிற மெஷின். படம் வெளியே வருகிற அந்த இரண்டு நிமிஷத்தில் திருவேற்காட்டிலிருந்து திருவாரூர் வரைக்கும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். வலது கண் பச்சையும் நீலமுமாகச் சாந்தமாக வந்தது. இடது கண்ணில், கீழே, லேசாக ஒரு மஞ்சள் திட்டு.

"இது நோய்னு இப்ப சொல்ல முடியாது. சந்தேகம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "அலர்ஜிக்குச் சொட்டு மருந்து தரேன். அரிச்சா ஈரத் துணியை ஒத்தி வெச்சுக்கட்டும். கசக்கவே கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுங்க. வளருதுன்னு தெரிஞ்சா கொலாஜன் கிராஸ்லிங்க்கிங் பண்ணி நிறுத்திடலாம்."

ரைபோஃப்ளேவின், அதாவது நம் பி2 வைட்டமினைக் கருவிழியில் சொட்டி, அளவாகப் புற ஊதா ஒளி காட்டி, கருவிழியின் நார்களை இறுக்குகிற சிகிச்சை அது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர்கள் கொண்டு வந்தார்கள். 2003-ல் மனிதர்களிடம் செய்த முடிவுகளை வெளியிட்டார்கள். புடைத்ததை உள்ளே தள்ளாது. ஆனால், இன்னும் புடைக்காமல் பெரும்பாலும் நிறுத்திவிடும். எனக்கு இந்த நோய் வந்தபோது அது கிடையாது. என் மகளுக்கு இருக்கிறது. அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிற சொத்து, 'சீக்கிரம் தெரிந்துவிட்டது' என்பதுதான். எனக்குத் தெரிய மூன்று வருஷமும் நானூறு புஷ்ஷும் செலவாயின.

அதனால்தான் உங்கள் பக்கத்தை இவ்வளவு பிடித்துக்கொண்டேன். பத்திலிருந்து இருபத்தைந்துக்குள் ஒரு பிள்ளை, ஓயாமல் கண்ணைக் கசக்குகிறதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பவர் ஏறுகிறதா? புதுக் கண்ணாடியிலும் எழுத்துக்கு நிழல் தெரிகிறதா? கண்ணாடிக் கடையோடு நிற்காதீர்கள். கருவிழி டாக்டரிடம் போய்ப் படம் எடுங்கள். 1819-ல் ஆரம்பித்த எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. எங்கள் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு 2017 முதல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை வந்துவிட்டது. சாக்குச் சொல்ல வழியில்லை.

மகளுக்கு இதுவரை மூன்று முறை படம் எடுத்தாயிற்று. மஞ்சள் திட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வளரவில்லை.

அபராத யோசனை அவளுடையதுதான். "எனக்கு மட்டும் இல்லப்பா, வீட்டுல எல்லாருக்கும்" என்று சட்டம் போட்டுவிட்டாள். போன பொங்கலுக்கு உண்டியலை உடைத்தோம். முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். கணக்கு நோட்டும் வைத்திருக்கிறாள் கழுதை: அவள் நாற்பத்தொன்று, அம்மா ஒன்பது, பாட்டி ஐந்து. மிச்சம் இருநூற்றைம்பத்தேழும் நான்! ராத்திரி லென்ஸைக் கழற்றிய உடனே கை தானாக மேலே போகிறது ஸார், என்ன செய்ய? முப்பது வருஷத்துப் பழக்கம். எனக்கும் கூடாதுதான், டாக்டர் திட்டுகிறார். அபராதம் வந்ததிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பணத்தில் சலைன் வாங்கினோம். புது உண்டியலும் வாங்கியாயிற்று.

இதை ராத்திரி லென்ஸ் கழற்றிய பிறகு, பேப்பரை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண் லேசாக அரிக்கிறது. சுற்றிலும் பார்த்தேன், எல்லோரும் தூங்குகிறார்கள். மெதுவாகக் கையைத் தூக்...

"அப்பா, ஒரு ரூபா!"

இருட்டில் அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித்தான் தெரிந்ததோ! நல்ல கண். அப்படியே இருக்கட்டும்.